காண்ட்ராக்டர் கைவிரித்தால்

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையிலான ஆலைகளில் ஒரே லைனில் நிற்கும் இருவருக்குச் சம்பளம் தருபவர் ஒருவராகவே இருப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி தருகிறது, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காண்ட்ராக்டர் தருகிறார். காண்ட்ராக்டர் கைவிரித்துவிட்டால், “உன் காண்ட்ராக்டரைப் போய்க் கேள்” என்று கேட்டிலேயே பதில் வந்துவிடும். சட்டப்படி அந்தப் பதில் செல்லாது. காண்ட்ராக்டர் தராத கூலியை முதன்மை வேலையளிப்பவர், அதாவது கம்பெனி, தந்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்தப் பொறுப்பை நிறுவனத்தின் உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. பில் தொகையை ஒருமுறை கொடுத்தாயிற்றே, மறுபடியும் ஏன் தர வேண்டும் என்று கம்பெனிகள் கேட்கின்றன. கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி. அவருடைய அடுத்த பில்லை நிறுத்தி வைக்க முடிவதும் கம்பெனியால்தான். நைட் ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் தொழிலாளிக்கு அப்படி எந்தப் பிடியும் கிடையாது.

2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் சங்க அங்கீகாரத்துக்கும் ஊதிய உயர்வுக்குமான போராட்டம். இங்கே பேசுவது ஏற்கெனவே உழைத்து முடித்த நாட்களின் பாக்கி. இதற்குப் பேரம் தேவையில்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர வேண்டும். ரசீது இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை வேலையளிப்பவருடையது. அங்கே வேலை பார்த்ததைக் காட்ட கேட் பாஸ், பி.எஃப். கணக்கு, வங்கிப் பாஸ்புக் உதவும். வேலை போய்விடும் என்ற அச்சம் இதைவிடப் பெரிது, உண்மையானதும்கூட. அதனால்தான் தொழிற்சங்கமே மனு கொடுக்கலாம், பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம் என்று சட்டம் வழிவிடுகிறது. மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் வேறு வேலையில் சேர்ந்த பின்னும் கேட்கலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாத ஆலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணம் கைக்கு வருமுன் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிலாளர் துறையில் கொடுக்கும் மனுவில் காண்ட்ராக்டர் பெயரோடு கம்பெனியின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.