சட்டை மாற்றிய வாந்திபேதிக் கிருமி

1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் வாந்திபேதி பரவிற்று. வேலூரிலும் மதுரையிலும் அதே கதை. நோயாளிகளிடம் கிடைத்த கிருமி எல்லா வகையிலும் காலராக் கிருமியை ஒத்திருந்தது; ஆயினும், 'ஓ1' சீரத்தைச் சேர்த்தால் திரளவில்லை. அவ்வாறு திரளாத இனம் கொள்ளைநோயை உண்டாக்காது என்பது அந்நாளைய நூல்களின் தீர்ப்பு. கிருமி நூல் படிப்பதில்லை அல்லவா? சில மாதங்களில் அது கல்கத்தாவையும் வங்காள தேசத்தையும் எட்டிவிட்டது. பழைய காலராவைக் கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையே இது மிகுதியாக வீழ்த்திற்று. பிறகு இதற்கு 'ஓ139' என எண்ணிட்டு, வங்காள விரிகுடாவின் பெயரையும் சூட்டினர்.

நிகழ்ந்தது என்ன? கிருமியின் மேல் ஒரு சர்க்கரைப் போர்வை உண்டு. சீரம் அறிவது அந்தப் போர்வையை மட்டுமே. 'எல் டோர்' என்னும் பழைய காலராக் கிருமி, போர்வை நெய்யும் மரபணுக்களை மட்டும் வேற்றினத்திடமிருந்து பெற்று மாற்றிக்கொண்டது. ஆளைப் பாராமல் சட்டையைப் பார்த்தால் ஏமாறத்தானே வேண்டும்! காலராக் கிருமியின் மரபுச் செய்தி இரு குரோமோசோம்களில் சுமார் 40 லட்சம் எழுத்துக்களாக அமைந்துள்ளது. 2000-இல் அது முழுதும் படிக்கப்பட்டது. இரு நோயாளிகளின் கிருமிகளை இப்படி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், அவை நெருங்கிய உறவா, தூரத்து உறவா என்பது புலப்படும். நோய் வந்த வழியைத் தேட இதைவிட நல்ல தடயம் இல்லை.

ஆனால் நோயாளியை மட்டும் ஆராய்ந்தால் போதாது. காலராக் கிருமி கழிமுக நீரில் நுண்ணிய கூனியினங்களை ஒட்டி வாழ்வது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா தோன்றியபோது, நோயாளிகளின் வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு அங்குள்ள பழந்தின்னி வௌவால்களிடமே காணப்பட்டது. ஆகவே மனிதன், விலங்கு, நீர்நிலை மூன்றையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

எங்கள் குடுபல்லிப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். கர்நாடகத்தில் பிறந்த பாலாறு குப்பம் வட்டாரத்தில் சிறிது தூரம் ஓடித் தமிழ்நாட்டில் நுழைகிறது. மூன்று மாநிலங்கள் கூடும் மூலை அது. நோயாளியின் மாதிரி மருத்துவருக்கு, மாட்டின் மாதிரி கால்நடை மருத்துவருக்கு, நீரின் மாதிரி வேறோர் இலாகாவுக்கு. இதையும் மாநிலத்துக்கு ஒன்றாக மும்மடங்காக்கிக்கொள்க. மரபெழுத்தைப் படிக்கும் கருவி இன்று கையில் அடங்கும். 2015-இல் கினி நாட்டில் எபோலா வைரஸை அத்தகைய கருவியால் நோய் பரவிய இடத்திலேயே படித்தனர். படித்த எழுத்துக்களை ஒரே ஏட்டில் சேர்ப்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது.