கதவிடுக்கில் கசியும் அலைகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நெருப்பும் புகையும் இன்றி உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இன்று நம் பகுதிப் பேக்கரிகளிலும் இடம்பெற்றுவிட்டது. அதைக் கண்டு வியப்போரும் உளர், அஞ்சுவோரும் உளர். விடுமுறை நாட்களில் நாமக்கல்லில் என் மாமாவின் பழுதுபார்க்கும் கடையில் நான் வேலை செய்வதுண்டு. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டி என்னைப் படிக்க வைக்கும் அம்மா ஒருநாள், "ஏன் கண்ணு, அந்தப் பொட்டிகிட்ட நின்னாக் கண்ணு போயிருமாமே?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டல்லவா?

அலையின் இயல்பு

1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மில்லிமீட்டர் அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அதே இனத்து அலைகளை ரேடாருக்காக உண்டாக்கிய மேக்னட்ரான் குழாய், உணவையும் சூடாக்கும் என்று 1945-இல் அமெரிக்கரான பெர்சி ஸ்பென்சர் கண்டார். வீட்டு அடுப்பில் அலையின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ.

இது எக்ஸ் கதிர் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெறியாது; சூடாக்க மட்டுமே செய்யும். ஆனால் அச்சூடே போதும். கண்ணின் லென்சில் இரத்த ஓட்டம் இல்லாததால், அங்கு ஏறும் வெப்பம் எளிதில் வெளியேறாது. அளவு மிகுந்தால் கண்புரை உண்டாகலாம். எனவே, அம்மாவின் அச்சம் அடிப்படையற்றதன்று.

மூன்று காவல்கள்

முதற்காவல் உலோகப் பெட்டி. கதவிலுள்ள வலையின் துளைகள் 12 செ.மீ. அலைக்கு மிகச் சிறியவை. ஒளி வெளிவரும், அலை வராது. இரண்டாவது, கதவின் விளிம்பைச் சுற்றியுள்ள பள்ளம். அலைநீளத்தில் கால் பங்கு கணக்கிட்டு அமைக்கப்பட்ட அது, கசியும் அலையை உள்ளேயே திருப்பிவிடும். மூன்றாவது, கதவு திறந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள். அவை தவறினால் பியூசை எரியச் செய்யவும் தனியே ஒரு சுவிட்சு உண்டு.

சோதிக்கும் முறை

அடுப்பிலிருந்து 5 செ.மீ. தொலைவில், சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசிவு இருத்தலாகாது என்பது விதி. பழுது பார்த்தபின் கதவை மூடி, உள்ளே சுமார் 275 மி.லி. தண்ணீர் வைத்து அடுப்பை ஓடவிட வேண்டும். கசிவு மீட்டரைக் கதவின் நான்கு ஓரங்கள், கண்ணாடி, காற்றுத் துளைகள் ஆகியவற்றின் மீது மெதுவாக நகர்த்த வேண்டும். வெற்று அடுப்பை ஓட்டலாகாது. பெட்டியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதை முறைப்படி வெளியேற்றாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக்குக் கசிவைவிடப் பெரிய எமன் இதுவே!

கைப்பேசியை உள்ளே வைத்து அழைத்துப் பார்ப்பது சோதனையாகாது. கைப்பேசி மிக நுண்ணிய அலையையும் வாங்கிக்கொள்ளும். நல்ல அடுப்புக்குள்ளும் அது ஒலிக்கலாம்.

கண்ட அனுபவம்

சென்ற விடுமுறையில் பேக்கரி அடுப்பு ஒன்று வந்தது. மின்சாரம் கொடுக்கும் முன்பே சுவிட்சுகளைச் சோதித்தோம். கதவு திறந்திருந்தும் இணைப்பு அறவில்லை. முன்பு யாரோ இரு சுவிட்சுகளைக் கம்பியால் இணைத்து, மூன்றாவதைக் கழற்றியே விட்டிருந்தார்கள்! உரிமையாளரோ, "ஓடுனாச் சரிங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றார். மாமா மறுத்துவிட்டார்: "வேலைக்கு நிக்கிற புள்ள தெனமும் அது முன்னாடிதானுங்க நிக்குது. மாத்தாமக் குடுக்க மாட்டேனுங்க."

புதிய சுவிட்சுகளைப் பொருத்தியபின் சோதித்தேன். கதவின் கீழ்மூலையில் மீட்டர் 6-ஐக் காட்டியது. கீல் தளர்ந்து, விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கீலைச் சரிசெய்து, பிசுக்கைத் துடைத்தபின் முள் அரைக்கும் கீழே இறங்கியது. தொலைவு கூடக் கூடக் கசிவு விரைவில் குறைவதையும் அன்று கண்கூடாகக் கண்டேன். வகுப்பில் எழுதிய எதிர் இருமடி விதி, கடையில் என் கையில் இருந்தது.

அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "கதவு சரியா மூடுனாப் பயமில்லைம்மா. மூடாத பொட்டிகிட்டப் போகாதீங்க." நண்பர்களே, கருவிக்கு அஞ்ச வேண்டியதில்லை, அதன் காவலை அகற்றும் கைக்கே அஞ்ச வேண்டும்.