எருதுப் பசியும் யானைத் தீயும்

'புலிமியா' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. டாக்டர்கள்தான் அதை அதிகம் சொல்லுவார்கள். கேட்டதும், "புலிக்கு வரும் வியாதியோ?" என்று தோன்றுகிறது அல்லவா? புலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் இருப்பது எருது!

கிரேக்க மொழியில் 'பூஸ்' என்றால் எருது. 'லிமோஸ்' என்றால் பசி. இரண்டும் சேர்ந்து 'எருதுப் பசி' ஆயிற்று. எருதைப் போலப் பெரிய பசி என்பது பொருள்.

பனியில் விழுந்த வீரர்கள்

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் படை ஒன்று பாரசீகத்தில் இருந்து ஊர் திரும்பியது. வழியில் ஆர்மீனிய நாடு. எங்கும் பனி. வீரர்கள் பலர் நடக்க முடியாமல் கீழே விழுந்தார்கள். தளபதி செனபோனுக்குக் காரணம் புரியவில்லை.

"இது எருதுப் பசி. ஏதாவது சாப்பிட்டால் எழுந்துவிடுவார்கள்" என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். செனபோன் அவர்களைத் திட்டவில்லை. இருந்த உணவைத் தேடிக் கொடுக்கச் செய்தார். வீரர்கள் தின்றார்கள், எழுந்தார்கள், நடந்தார்கள். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

காவிரிக் கரையில் ஒரு பெண்

எருதைச் சொன்னான் கிரேக்கன். தமிழன் என்ன சொன்னான்? யானையைச் சொன்னான்! 'யானைத் தீ' என்பது அடங்காப் பசி நோய்க்குத் தமிழில் உள்ள பழைய பெயர். சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலைக் காப்பியத்தில் இந்தப் பெயர் வருகிறது.

காயசண்டிகை என்பவள் வானத்தில் பறக்கும் வித்தியாதரப் பெண். பொதிகை மலைக்குக் கணவனுடன் வந்தாள். அங்கே ஒரு முனிவர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் அவருக்குச் சாப்பாடு. அதுவும் ஒரே ஒரு நாவல் கனி! அந்தக் கனியை அவள் காலால் சிதைத்துவிட்டாள். "நீயும் பன்னிரண்டு ஆண்டு பசியால் வாடு!" என்று முனிவர் சபித்தார்.

அன்று பற்றியது யானைத் தீ. காயும் கனியும் கிழங்கும் எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. பறக்கும் மந்திரமும் மறந்துபோயிற்று. கொடுக்கும் மனம் உள்ளவர்கள் வாழும் ஊர் என்று காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தாள். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் இன்றைய பூம்புகார்தான் அது.

அங்கே மணிமேகலை அமுதசுரபியுடன் வந்தாள். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அதில் இருந்து ஒரு பிடி சோறு எடுத்துக் காயசண்டிகைக்குக் கொடுத்தாள். ஆண்டுக் கணக்கில் எரிந்த தீ அந்த ஒரு பிடியில் அணைந்தது!

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்று நாம் கேட்போம். இங்கே யானைப் பசிக்கு ஒரு பிடி சோறே போதுமாயிற்று.

இந்தக் கதையைப் பதிப்பித்தவர்களில் ஒருவரும் தஞ்சைச் சீமைக்காரரே. உத்தமதானபுரத்தைச் சேர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதய்யர், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தபோது, 1898-ல் மணிமேகலையைப் பதிப்பித்தார்.

கேலி வேண்டாம்

1979-ல் லண்டன் டாக்டர் ஜெரால்டு ரஸ்ஸல் ஒரு நோய்க்கு 'புலிமியா நெர்வோசா' என்று பெயரிட்டார். இந்த நோய் உள்ளவர்கள் கட்டுப்படுத்த முடியாமல் ஏராளமாகச் சாப்பிடுவார்கள். பிறகு உடல் பருத்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பார்கள். அல்லது பட்டினி கிடப்பார்கள். இது பேராசை அல்ல. மனத்தைப் பற்றிய நோய். சிகிச்சை உண்டு.

வேறு நோய்களிலும் பசி மிகும். அதிகப் பசி, அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், சாப்பிட்டும் உடல் மெலிவு ஆகியவை சர்க்கரை நோயின் அடையாளங்கள். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் பசி கூடும்; உடல் இளைக்கும்.

நெல் விளையும் தஞ்சையிலும் வீட்டில் ஒருவர் இரண்டு பங்கு சோறு கேட்டால், "சோற்று மூட்டை!" என்று சிரித்துவிடுகிறோம். ஓடி ஆடி வளரும் பிள்ளைக்கும், வயலில் உழைப்பவருக்கும் பசி கூடுதலாக இருப்பது இயற்கை. அவர்களுக்கு வயிறாரப் போடுங்கள். ஆனால் பசி திடீரென்று மாறினாலோ, சாப்பிட்டும் உடல் கரைந்தாலோ டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

செனபோன் திட்டவில்லை. மணிமேகலை சிரிக்கவில்லை. இருவரும் பசியை நோய் என்று கண்டார்கள். அதனால்தான் தீர்க்க முடிந்தது!