தோலோலிங்குக்கு மறுநாள்

(வானேறி வந்தவர்கள் – 11)

1999 மே 28. கார்கில் போர். திராஸுக்கு மேலே தோலோலிங் முகட்டில் பதுங்கியிருந்த பாகிஸ்தானியரைத் தாக்கப் போன விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றை ஸ்டிங்கர் ஏவுகணை வீழ்த்தியது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், ஃபிளைட் லெஃப்டினென்ட் முகிலன், சார்ஜென்ட்கள் பிரசாத், சாஹு ஆகிய நால்வரும் உயிரிழந்தார்கள். முந்தைய நாள்தான் இரண்டு போர் விமானங்களை இழந்திருந்தோம்.

அந்த ஹெலிகாப்டரில் ஃபிளேர் வீசும் கருவி இல்லை. ஃபிளேர் என்றால் என்ன என்று பட்டாசு செய்யும் நம் ஆனைக்குட்டத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மக்னீசியம் கலந்த மருந்துதான். எஞ்சின் புகையைவிடச் சூடாக எரியும். வெப்பத்தை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணை அதன் பின்னால் திரும்பிப் போய்விடும். நம் பக்கத்தில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் கொளுத்தித் தீர்க்கும் வெளிச்சத்தின் உறவுக்காரப் பொருள், சில கிலோ, அன்று அங்கே இல்லாமல் போனது. இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது.

அதன்பின் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை விமானப்படை நிறுத்திக்கொண்டது. சரியான முடிவு. ஆனால் மலையில் குண்டடிபட்டுக் கிடக்கிற சிப்பாயை எப்படி இறக்குவது? தோளில் சுமந்து வந்தால் மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் ரத்தம் வடிந்துவிடும். ஆகவே மீட்புக்குப் போகும் சீட்டா ஹெலிகாப்டர்கள் மட்டும் நிற்கவே இல்லை. ஒற்றை எஞ்சின், கவசம் கிடையாது, துப்பாக்கி பொருத்தியிருக்காது. விமானியையும் சேர்த்து ஐந்து பேருக்குத்தான் இடம். காற்று மெலிந்த உயரத்தில் அத்தனை பேரைக்கூட ஏற்ற முடியாது. எம்ஐ-17க்கு என்ன ஆனது என்று தெரிந்த பிறகும் மறுநாள் அதே பள்ளத்தாக்குக்குள் சீட்டாவைத் திருப்பியவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

தெரிந்தே போவது என்றால் என்ன என்பதை இந்த மண் அறியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடித்தபோது, உள்ளே சிக்கியவர்களை இழுத்துவர ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் மாண்டார்கள். அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

போரில் ஹெலிகாப்டர் மீட்பு தொடங்கியதே நம் பக்கத்திலிருந்துதான். 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட்டிலிருந்து புறப்பட்ட அமெரிக்க லெஃப்டினென்ட் கார்ட்டர் ஹார்மன், பர்மா காட்டில் ஜப்பானியர் நடுவே சிக்கிய நான்கு பேரை மீட்டார். விமானியைத் தவிர ஒருவரைத்தான் தூக்கும் அவருடைய சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர். எனவே நான்கு முறை போய் வந்தார். இருபது ஆண்டு கழித்து வியட்நாமில், 1964 ஜூலை 1 அன்று, மேஜர் சார்லஸ் கெல்லியைத் திரும்பிவிடச் சொல்லித் தரையிலிருந்து எச்சரித்தார்கள். காயமடைந்தவர்களை ஏற்றிக்கொண்ட பிறகே கிளம்புவேன் என்று பதில் சொன்னார். சற்று நேரத்தில் ஒரு தோட்டா அவரைக் கொன்றது. அவருக்குப் பின் வந்த மீட்பு விமானிகள் அந்தப் பதிலையே தங்கள் விதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

கார்கிலில் சீட்டா ஓட்டியவர்களில் இருவர் பெண்கள்: குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன். உதம்பூரிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். காயம்பட்டவர்களை இறக்கினார்கள், பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொன்னார்கள். கீழே விழுந்து பிடிபட நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்காக சக்சேனா ஒரு இன்சாஸ் துப்பாக்கியும் ரிவால்வரும் உடன் வைத்திருந்தார். அதை எண்ணிக்கொண்டே ஒருவர் தினமும் எஞ்சினை முடுக்கியிருக்கிறார்!

அந்தக் காலத்தில் பெண் விமானிகளுக்குக் குறுகிய காலப் பணிதான். நிரந்தரப் பணி கிடையாது. சக்சேனா 2004-ல் விமானப்படையிலிருந்து வெளியே வந்தார். போர்முனையில் பறந்து தேர்ந்த ஒருவரை அப்படிப் போகவிட்டது தவறு.

(அடுத்த வாரம்: சியாச்சின்)