பாம்புகளைப் பற்றிய பொய்யும் மெய்யும்

நெற்கதிர் முற்றி அறுவடை தொடங்கும் காலத்தில் வயல்களில் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் மிகுதியாக நடமாடுகின்றன. அரிவாளுடன் வயலில் இறங்கும் ஆட்கள் பாம்பைக் கண்டவுடன் செய்யும் முதற்காரியம் அதனை அடித்துக் கொல்லுவதே. அஃது எவ்வகைப் பாம்பு, அதனிடம் விஷமுண்டா, அதனால் வயலுக்கு நன்மையா தீமையா என்று விசாரிப்பவர் மிகச் சிலர். பாம்பு கடித்துவிட்டாலோ, வைத்தியசாலைக்குச் செல்லுமுன் மந்திரிப்பவரையும் விஷக்கல் வைத்திருப்பவரையும் தேடி ஆள் ஓடுகிறது. இவ்விரு செய்கைகளுக்கும் காரணம், பாம்பைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதைகளே. முதற் செய்கையால் விவசாயி தன் விளைச்சலில் ஒரு பகுதியை இழக்கிறான். இரண்டாவதால் உயிரையே இழக்கிறான். ஆகையால் அக்கதைகளில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்ந்தறிவது வீண் பொழுதுபோக்கன்று.

நாட்டு வழக்குகள் யாவும் பொய்யென்று தள்ளுவதற்கும் இல்லை. “கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டாற்போல” என்னும் பழமொழி முற்றிலும் உண்மை. புற்றைக் கட்டுவது கரையானே. பாம்புக்கு மண்ணைத் தோண்டிக் கட்டும் திறமை இல்லை. கண்ணாரக் கண்டு சொன்ன மொழிகளும், அச்சத்தினாற் பிறந்த கதைகளும் ஒன்றாகக் கலந்து வழங்குவதே சங்கடத்திற்குக் காரணம். அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

சாரையும் நல்லபாம்பும்

சாரைப்பாம்பு ஆண் என்றும், நல்லபாம்பு பெண் என்றும், இரண்டும் கூடி இனம் பெருக்குகின்றன என்றும் பல கிராமங்களில் இன்றும் நம்பப்படுகிறது. இது தவறு. இவை வெவ்வேறு இனங்கள். சாரையிலும் ஆண் பெண் உண்டு; நல்லபாம்பிலும் ஆண் பெண் உண்டு. ஓரினம் மற்றோரினத்துடன் கூடுவதில்லை. இரண்டு சாரைகள் உடலைப் பின்னிக்கொண்டு முன்பாகத்தை உயர்த்தி ஆடுவதைக் கண்டு, அதனைப் புணர்ச்சியென்று கருதி, அவற்றின்மேல் புதுத்துணி போர்த்தி எடுத்து வைத்தால் செல்வம் பெருகுமென்று எண்ணுவோரும் உண்டு. அங்ஙனம் பின்னி ஆடுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் பாம்புகளே. இனப்பெருக்க காலத்தில் ஒன்றையொன்று தரையில் அழுத்தித் தம் வலிமையைக் காட்டும் மல்யுத்தம் அது.

சாரையின் வாலில் விஷம் உண்டென்பதும் கதையே. சாரைக்கு வாலிலும் விஷமில்லை, பல்லிலும் விஷமில்லை. பிடிக்கப்பட்டால் கடிக்கும், கடித்த இடத்தில் கீறலும் இரத்தமும் காணும், அவ்வளவே. 2 மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய இப்பாம்பு பகலில் இரை தேடுவது. எலி, தவளை முதலியவை இதன் உணவு. பூனையும் ஆந்தையும் எலி வெளியே வந்தாலன்றி அதைப் பிடிக்கமாட்டா. சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து, தாயையும் குஞ்சுகளையும் ஒருங்கே விழுங்குகிறது. எலி சுமார் 3 வாரத்தில் குட்டி போட்டு மறுபடியும் சினையாகும் பிராணி என்பதையும், வரப்பு எலி கதிர்களை அறுத்து வளையில் சேமித்து வைக்கும் வழக்கமுடையதென்பதையும் விவசாயிகள் நன்கறிவர். அவ்வளையில் ஒரு சாரையின் வேலை எவ்வளவு மதிப்புடையதென்பதை அவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒரு சாரையை அடித்தவன், கூலி கேளாத காவற்காரன் ஒருவனை வயலினின்று நீக்கினவனாகிறான்.

தொழுவத்திற்கு வரும் பாம்பு

சாரை இரவில் தொழுவத்திற்கு வந்து, பசுவின் பின்னங்கால்களைச் சுற்றிக்கொண்டு மடியில் வாய் வைத்துப் பால் குடிக்கும் என்பது மற்றொரு கதை. பாம்பின் பற்கள் கூர்மையாய் உட்புறம் வளைந்தவை. அவை மடியிற் பட்டால் பசு ஒரு கணமும் பொறுத்து நிற்காது. உறிஞ்சிக் குடிப்பதற்கு வேண்டிய உதடும் கன்னத் தசையும் பாம்புக்கு இல்லை. பாலைச் செரிக்கும் சக்தியும் அதற்கில்லை. பல நாள் நீரின்றி வாடிய பாம்பு தன் முன் வைக்கப்பட்ட எந்தத் திரவத்தையும் அருந்தக்கூடும். பாம்பாட்டிகள் பால் குடிக்கச் செய்து காட்டுவதன் மர்மம் இதுவே. அப்பாலினால் பாம்புக்குத் தீங்குண்டாகிறது. தொழுவத்திற்குப் பாம்பு வருவது தவிட்டையும் புண்ணாக்கையும் நாடிவரும் எலியைத் தேடியே. பால் குறைந்த பசுவுக்குத் தீனியையும் மடிநோயையும் கவனிக்க வேண்டுமேயன்றிப் பாம்பைக் குறை கூறுவதிற் பயனில்லை.

வீண்பழி சுமக்கும் பிற பாம்புகள்

பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்ற பயத்தால் அதற்குக் கண்கொத்திப் பாம்பு என்றே பெயர் வழங்குகிறது. செடிகொடிகளில் வாழும் இப்பாம்பு ஓணான், பல்லி முதலியவற்றைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இலேசான விஷமுடையது. மனிதருக்கு அதனால் உயிர்ச்சேதமில்லை. கண்ணைத் தேடிக் கொத்தும் குணமும் அதற்கில்லை. கொம்பேறி மூக்கன் கடித்தபின் மரத்திலேறி, இறந்தவனுடைய சிதையில் புகை எழுகிறதா என்று பார்க்கும் என்பர். இம்மரப்பாம்புக்கு விஷமேயில்லை, மரத்திலேறுவது அதன் பிழைப்பு. மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்பர். குஷ்டத்திற்குக் காரணமான கிருமியை நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸன் 1873-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்; பாம்புக்கும் அந்நோய்க்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மண்ணுளியின் வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால் அதனை இருதலைப் பாம்பென்று கூறி, பெருந்தொகைக்கு விலைபோகுமென்று ஆசை காட்டி மோசம் செய்வோரும் உண்டு. அதற்குத் தலை ஒன்றே. அதனைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இத்தகைய கதைகள் நம் நாட்டில் மட்டும் வழங்குபவையல்ல. விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்று இங்குச் சொல்லப்படுவது போலவே, கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸும் விரியன்களைப் பற்றி எழுதிவைத்தார். உண்மை யாதெனில், கண்ணாடி விரியனின் முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டிகள் உயிருடன் வெளிவருகின்றன. தாய் இறப்பதில்லை. ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகளும் பிறப்பதுண்டு. பிறந்த அன்றே அவற்றுக்கு விஷமும் உண்டு. ஆகையால் சிறு குட்டியென்று அலட்சியம் செய்யலாகாது.

விஷக்கல்லும் பச்சிலையும்

இதுவரை கூறிய கதைகளால் பாம்புக்கே பெரும்பாலும் நஷ்டம். இனிக் கூறுபவை மனிதரின் உயிரைப் பற்றியவை.

நாகத்தின் தலையிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் விஷக்கல்லைக் கடிவாயில் வைத்தால், அது விஷத்தை உறிஞ்சிக்கொண்டு தானே விழும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. இக்கற்கள் 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றன. இத்தாலிய வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி என்பவர் அவற்றைப் பிராணிகளின்மேல் வைத்துச் சோதித்து, அவற்றால் யாதொரு பலனுமில்லையென்று 1671-ஆம் ஆண்டில் வெளியிட்டார். விஷக்கல் என்பது பெரும்பாலும் கருக்கிய எலும்புத் துண்டே. நுண்ணிய துவாரங்கள் நிறைந்த அது, ஈரமான புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தால் நிறைந்தவுடன் விழும். உடலினுள் பரவிவிட்ட விஷத்தை அது தொடுவதுகூட இல்லை.

பாம்புடன் போரிடும் கீரி, கடிபட்டவுடன் ஒரு பச்சிலையைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பதும் இவ்வாறானதே. கீரியைக் காப்பவை அதன் வேகமும், சிலிர்த்து நிற்கும் மயிரும், நல்லபாம்பின் நரம்பு விஷம் எளிதிற் பற்றாதபடி அமைந்த அதன் உடற்கூறுமே. மனிதருக்கு அவ்வமைப்பு இல்லை. இல்லாத பச்சிலையைத் தேடிக் காட்டில் அலையும் நேரம், வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நேரமாகும்.

அப்படியாயின் மந்திரித்துப் பிழைத்தவர் அநேகர் உளரே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, விடையும் எளிது. இந்தியாவிலுள்ள சுமார் 300 வகைப் பாம்புகளில் பெரும்பாலானவை மனிதரைக் கொல்லும் விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தபோதும் சில வேளைகளில் விஷம் உடலில் இறங்குவதில்லை. இவ்விருவகையிலும் கடிபட்டவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரியாவிட்டாலும் பிழைப்பான். அவன் பிழைத்தது மந்திரக்காரரின் புகழிற் சேர்கிறது. பிழையாதவன் விதியின் கணக்கில் எழுதப்படுகிறான்.

அக்கணக்கு மிகப் பெரிது. 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர், இறந்தனரென்று 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. இவர்களிற் பெரும்பான்மையோர் கிராமவாசிகள். மழைக்கால மாதங்களிலேயே சாவு மிகுதி.

உண்மையான மருந்து

இச்சாவுகளில் மிகப்பெரும்பாலானவற்றுக்கு நான்கு பாம்புகளே காரணம் எனப்படும். படத்தையும் அதன் பின்புறத்தில் மூக்குக்கண்ணாடி போன்ற குறியையும் உடையது நல்லபாம்பு. பளபளப்பான கருநிறத்தில் மெல்லிய வெள்ளை வளையங்களை உடையது கட்டுவிரியன். பழுப்பு நிற உடலில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசைப் புள்ளிகளுடன், துருத்தி ஊதுவதுபோல் பலமாய்ச் சீறுவது கண்ணாடி விரியன். உருவிற் சிறியதாய், சுருண்டு செதில்களை உரசி அரம் தேய்ப்பது போன்ற ஓசையெழுப்புவது சுருட்டை விரியன். இவற்றுள் கட்டுவிரியனின் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு. இரவில் தரையிற் படுத்துறங்குபவர் கடிபட்டதையே அறியாமல், விடியலில் இமை தாழ்ந்து மூச்சுத் திணறும் நிலையை அடைவதுண்டு.

இவ்விஷங்களுக்கு நிச்சயமான மருந்து விஷமுறிவு ஊசியே. பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் என்பவர் நல்லபாம்பின் விஷத்திற்கு மாற்றான சீரத்தை 1890-களில் தயாரித்தார். ஓரினப் பாம்பின் விஷத்திற்குச் செய்த சீரம் வேறினத்தின் விஷத்தை முறிக்காதென்பது பின்னர்த் தெரிந்தது. ஆகையால் இந்தியாவில் மேற்கண்ட நான்கு பாம்புகளின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைகளின் உடலிற் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, நான்கிற்கும் பொதுவான மருந்து தயாரிக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பதில் மாமல்லபுரத்திற்கு அருகே 1978-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும் பணி புரிந்து வந்துள்ளது. முன்னர்த் தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்த இருளர், தோல் வியாபாரம் தடுக்கப்பட்டபின், பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைக் காட்டிலேயே விட்டுவிடும் தொழிலை மேற்கொண்டனர். பரம்பரை அறிவு சாஸ்திர அறிவுடன் சேர்ந்து உயிர்காத்தமைக்கு இஃதொரு சிறந்த உதாரணம்.

கவனிக்க வேண்டியவை

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடலாகாது. அவரைத் தேற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி ஒரு குச்சியுடன் சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். மோதிரம், காப்பு, மெட்டி முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியாற் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மருந்து தடவுதல் ஆகிய யாவும் கேடு விளைப்பவை. பாம்பை அடித்து எடுத்துச் செல்லவும் வேண்டியதில்லை. மருந்து நான்கிற்கும் ஒன்றே. தாமதமின்றி வைத்தியசாலை சேர்ப்பதே முக்கியம்.

இரவில் வெளிச்சமின்றி வரப்பில் நடவாமை, வைக்கோற்போரிலும் விறகிலும் வெறுங்கையை நுழையாமை, கட்டிலிற் கொசுவலை கட்டிப் படுத்தல், வீட்டருகே எலி சேரும்படி தானியத்தைச் சிந்தவிடாமை ஆகியவை செலவற்ற காப்புகள். கிராம உத்தியோகஸ்தர்கள் அருகில் எந்த அரசாங்க வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து இருப்பிலுள்ளது, நள்ளிரவில் அங்குச் செல்ல வாகனம் யாரிடம் உள்ளது என்பவற்றை முன்னதாகவே விசாரித்து, யாவரும் காணும் இடத்தில் எழுதி வைப்பார்களாயின், அவ்வோர் எழுத்துப் பலகை பல குடும்பங்களைக் காக்கும்.

வயலிற் சாரையைக் கண்டால் அது போகும் வழியே விட்டுவிடுவதும், விரியன் கடித்தால் ஒரு கணமும் வீணாக்காமல் வைத்தியசாலைக்கு விரைவதும் ஒரே அறிவின் இரண்டு பயன்கள். முன்னது நெல்லைக் காக்கும். பின்னது நெல் விளைவிப்பவனைக் காக்கும்.