பஜ்ஜிச் சட்டியிலிருந்து டிராக்டர் டேங்குக்கு

மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காட்டில் ராத்திரி முழுக்கக் கூட்டம். ரத்தின சபையில் அபிஷேகம் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டே வெளியே வருகிறவர்களுக்கு மிளகாய் பஜ்ஜிதான் கதி. கடை கட்டும் நேரத்தில் சட்டியில் மிஞ்சுவது கறுத்துப்போன எண்ணெய். விடியற்காலைப் பனிக்கு அது டின்னுக்குள் நெய் மாதிரி உறைந்து நிற்கும். பாமாயில் அல்லவா! முன்பெல்லாம் அது சாக்கடைக்குப் போகும், அல்லது மறுநாள் சட்டிக்கே திரும்பும். இப்போது அதை டிராக்டருக்கு ஊற்றலாம் என்று செல்போன் வீடியோக்கள் பாடம் நடத்துகின்றன.

டீசல் விலை கையைக் கடிக்கிறது. கரும்பு இழுக்கிறவருக்கு ஆசை வராதா? துணியில் வடிகட்டு, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தின்னரோ ஊற்றி இளக்கு, டேங்கை நிரப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிற இதே மாவட்டத்தில் தின்னருக்கா பஞ்சம்?

1900 பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியதே என்பார்கள். ஓடியது. அது அந்தக் காலத்து என்ஜின்.

இந்தக் காலத்துக் கதையை டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் பார்க்கலாம். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்துவார்கள். நல்ல நாசில் 'கிர்ர்' என்ற சத்தத்தோடு புகையாகப் பீய்ச்சும். எண்ணெய் குடித்த நாசில் சொம்பைச் சாய்த்த மாதிரி ஒழுகும். நுனியில் அப்பியிருக்கும் கரி நகத்தால் சுரண்டினால் வராது.

40 டிகிரிச் சூட்டில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். சமையல் எண்ணெய்க்கு அது 35 வாக்கில் இருக்கும், பொரித்துப் பழசானதற்கு இன்னும் கூட. தின்னர் ஊற்றினால் அந்த எண் இறங்கும், ஆனால் எண்ணெய் எண்ணெயாகவேதான் கிடக்கிறது. என்ஜின் சூட்டில் தின்னர் முதலில் பறந்துவிட, மிச்சம் நாசிலிலும் பிஸ்டன் ரிங்கிலும் கருகி ஒட்டுகிறது. என்ஜின் ஆயிலில் இறங்கி அதையும் கூழாக்குகிறது. ஆரம்பத்தில் ஜோராக ஓடுவதுதான் இதிலுள்ள ஏமாற்று.

முறையான பயோடீசல் வேறு சமாச்சாரம். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து எண்ணெயையே வேறு பொருளாக மாற்றி, அடியில் தங்கும் கிளிசரினை இறக்கிவிடுவார்கள். பொரித்த எண்ணெயை அதற்காகத் திரட்டத்தான் 2018-இல் 'ரூகோ' திட்டம் வந்தது. ஆனால் மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்த பிறகு மெத்தனால் என்ற பேச்சை எடுக்கவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். வீட்டு டீசல்காரர்கள் தின்னர் பக்கம் சாய்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கெட்ட எண்ணெய் மறுபடி நம் வயிற்றுக்குள் போகாமல் வண்டிக்குப் போனால் நல்லதுதானே என்பவர்களும் உண்டு. நியாயம்தான்.

என்ஜின் போனால் கடனை உடனை வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம். எனக்கு உறுத்துவது இதைக் கலந்துவைக்கும் கேன். குறைந்தது 35 டிகிரியாவது சூடேறாமல் டீசலிலிருந்து பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அப்படி ஆவி விடும். கலவையில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தாலே போதும், தீ விஷயத்தில் அந்தக் கேன் முழுக்கப் பெட்ரோல்தான். ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். டீசலோடு பழகிய கைக்கு இந்தப் பயம் கிடையாது. டீசல் கேன் பக்கத்தில் நின்று பீடி பிடிப்பவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

அப்படிக் கலந்துவைத்த கேன் ஒன்றை ஒரு மாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். மூடி தொலைந்துபோய், வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பக்கவாட்டில் சுண்ணாம்பால் 'டீசல்' என்று எழுதியிருந்தார்கள். பத்தடி தள்ளி, அதே தரையில், வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.