கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓர் ஆயில் ஃபில்டர்

மஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகம் செய்த எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். வைத்திருப்பவர்களே ஸ்பேனர் பிடித்துப் பராமரிக்க ஏற்ற கார் என்று பெயர் வாங்கியது. ஆனால் ஆயில் ஃபில்டர் என்று வந்துவிட்டால் அவர்களும் பெருமூச்சு விடுவார்கள். முதல் இரண்டு தலைமுறைக் கார்களில் அது எஞ்சினின் வலப்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து கையை விட்டால் ஹோஸும் ஒயரும் மறிக்கும். கீழே படுத்துக் கையை நீட்டினால் விரல் படும், கண்ணுக்குத் தெரியாது. முன் வலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளி வழியாகக் கையை நுழைப்பவர்களும் உண்டு.

இப்படி ஓர் இடத்தில் ஏன் வைக்கிறார்கள்?

பம்ப் தள்ளும் ஆயில் முதலில் ஃபில்டருக்குள் போய், சுத்தமான பிறகுதான் பேரிங்குகளுக்குப் போக வேண்டும். அதற்கான வழிகள் எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போதே அமைந்துவிடுகின்றன. ஃபில்டரின் இடமும் அப்போதே முடிவாகிவிடும். பிறகு அதே எஞ்சின் வேறு காரில், வேறு திசையில் உட்காரக்கூடும். அந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5களில் இருப்பது, மஸ்டாவின் ஃபமிலியா குடும்பக் காரில் குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சின் வகைதான். எம்எக்ஸ்-5இல் அதை நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள். 1990களின் ஹோண்டா சிவிக்கிலும் தொல்லை உண்டு: ஃபில்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலைப் பார்த்தபடி இருக்கும். சுபாருவோ 2010-இல் கொண்டுவந்த எஃப்பி வகை எஞ்சினில் ஃபில்டரை மேலே, பானெட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும்படி வைத்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

மறைவான ஃபில்டரைக் கழற்ற உடல் பலத்தைவிடச் சரியான கருவிதான் முக்கியம். அதன் அடிப்பகுதியில் தொப்பிபோல் கவிழும் கப் ரெஞ்ச், நீண்ட எக்ஸ்டென்ஷனுடன் சேர்ந்தால் குறுகிய சந்திலும் வேலை செய்யும்; ஃபில்டரின் அளவுக்குப் பொருந்தும் கப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். பெல்ட் போலச் சுற்றி இறுக்கும் ஸ்ட்ராப் ரெஞ்சைச் சுழற்றக் கொஞ்சமாவது இடம் தேவை. ஃபில்டரின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகும் பழைய வித்தை கடைசி வழி. தகரம் கிழிந்துபோனால் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி நன்றாக வடியும். அதிகம் சூடாகிவிட்டால் பக்கத்தில் இருக்கும் சைலன்சர் குழாய் கையைச் சுட்டுவிடும். காரைத் தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கொடுத்தே ஆக வேண்டும். ஃபில்டர் பாதி தளர்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரை அதன்மேல் மாட்டி, கவருக்குள்ளேயே திருகி எடுத்தால் ஒழுகும் ஆயில் பெரும்பாலும் அதற்குள் விழும்.

கழற்றுவதோடு கஷ்டம் முடிந்தது என்றுதான் தோன்றும். பெரிய ஆபத்து மாட்டும்போதுதான் வருகிறது.

ஃபில்டரின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் ஒரு ரப்பர் வளையம். மாதக்கணக்கில் சூட்டில் வெந்த வளையம் சில நேரம் ஃபில்டரோடு வராமல் பிளாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வளையம், ஆயில் படிந்த கறுத்த பரப்பு. வெளிச்சத்தில்கூட இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். அது தெரியாமல் புது ஃபில்டரை மாட்டினால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஆயிலின் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு வரை எகிறக்கூடும். வளையம் பிதுங்கும், சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் தரையில் கொட்டிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

அதனால் பழைய ஃபில்டர் கைக்கு வந்ததும் முதலில் அதன் வாயைப் பார்க்க வேண்டும். பள்ளம் காலியாக இருந்தால் வளையம் பிளாக்கிலேயே நிற்கிறது என்று பொருள். பள்ளத்தில் வளையம் இருந்தாலும் பிளாக்கின் பரப்பைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு முறை சுற்றித் தடவிப் பார்ப்பது நல்லது. கடைசல் பிடித்த உலோகம் வழவழப்பாக இருக்கும். ஒட்டிய ரப்பரின் விளிம்பு விரலில் தட்டும். செல்போன் கேமராவை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவிக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மரை ஏற்ற ஒரு வழி உண்டு: முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுழற்றினால், மரை ஒன்றின்மேல் ஒன்று விழும் சிறு ‘டிக்’ கையில் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை கோணாமல் ஏறும். வளையம் பிளாக்கைத் தொட்ட பிறகு, கையாலேயே முக்கால் சுற்று இறுக்குவது பொதுவான அளவு. சரியான அளவு ஃபில்டர் டப்பாவிலும் காரின் கையேட்டிலும் இருக்கும். ஃபில்டரின் பக்கவாட்டில் தடித்த டேப் துண்டு ஒன்றை ஒட்டிவைத்தால், எட்டிப் பார்க்க முடியாத இடத்திலும் விரலாலேயே சுற்றைக் கணக்கிடலாம். ரெஞ்ச் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது படாத பாடு படவேண்டியிருக்கும்.

படுக்கைவாக்கில் நிற்கும் ஃபில்டரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. அது விறைத்துப்போனால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு வினாடிகள் எஞ்சின் ‘கடகட’ என்று சத்தம் போடும். வெப்பத்தை நன்றாகத் தாங்கும் சிலிகான் வால்வு உள்ள ஃபில்டரைச் சிலர் தேடி வாங்குவது இதனால்தான்.

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றிய ட்ரெயின் பிளக்கைப் புது வாஷருடன் மூடி, கையேடு சொல்லும் அளவுக்கு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் சில வினாடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அணைந்தால், எஞ்சின் ஓடும்போதே ஃபில்டரின் அடியில் டார்ச் அடித்து ஒழுகுகிறதா என்று பார்க்கலாம். பிறகு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்ப்பது வழக்கம். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலை உள்வாங்கியிருக்கும் என்பதால் இன்னும் சற்று ஊற்ற வேண்டிவரலாம்.

மிஞ்சுவது பழைய ஆயில். இந்தியச் சட்டப்படி அது அபாயகரமான கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. பழைய எண்ணெயைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது சுமத்தும் விதிகள் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. கழற்றிய ஃபில்டருக்குள்ளும் கணிசமான ஆயில் தங்கியிருக்கும். வாய் கீழாகக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டு, வடிந்ததையும் கேனில் சேர்த்து மூடி, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரிலோ ஒர்க்‌ஷாப்பிலோ ஒப்படைத்துவிடலாம்.